கடைசி ரீலில் வெட்டிய துண்டு

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் வருகிற மாதிரித் தெரியவில்லை. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாப்பா இது, நவுரவே மாட்டேங்குது. ஓட்டி வுட்டுடட்டுமா?”

“வேணாம்மா!” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மகள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் சின்ன ஆபரேட்டராக இருந்தேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராத ஆளுக்கு அந்த இருட்டு அறை சொர்க்கம். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரியும் வாடை சட்டையில் ஏறிவிடும். கல்யாணமான புதிதில் என் மனைவி நான் திருட்டு பீடி பிடிப்பதாகவே நம்பினாள். பெரிய ஆபரேட்டர் இஸ்மாயில் பாய், கோட்டக்குப்பத்துக்காரர். மல்லாட்டை வாங்கினால் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கடலையை உரிப்பார்.

அப்போது ஒரு பேய்ப் படம் வந்தது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. தம்பியை யாரோ கிணற்றில் தள்ளிவிட, அண்ணன் வீட்டில் ஈரக் கால்தடம் விழுந்துகொண்டே இருக்கும். பேய் அவ்வளவுதான். கடைசியில் அவன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்து, “நான்தான் தள்ளினேன்” என்பான். அந்த இடம் வந்தால் தரை டிக்கெட்டில் ஒரே விசில். “யோவ் ஆபரேட்டரு, தூங்கிக்கினு கீறியா?” அந்தக் கதையை எழுதியதே நான்தான் என்பது போல எனக்கு உடம்பு கூசும். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் உட்கார்ந்திருப்பதைப் பிளேடால் வெட்டி ஒட்டிவிட்டேன். பதற்றத்தில் அவன் ஒப்புக்கொள்வதும் சேர்ந்து போய்விட்டது.

அடுத்த காட்சி பார்த்தவர்களெல்லாம் கதையில் வரும் வேலைக்காரியைச் சந்தேகப்பட்டார்கள். தொடரைப் படித்திருந்த ஒரு வாத்தியார் மேனேஜரிடம் வந்து, “அண்ணங்காரன் ஒத்துக்குவானே, அது எங்க சார்?” என்றார். மறுநாள் படக் கம்பெனி ஆள் விழுப்புரத்திலிருந்து வந்து ரீலைச் சுற்றிப் பார்த்தார்.

“யாருய்யா கை வச்சது?”

நான் எண்ணெய் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாய் என்னை ஒருமுறை பார்த்தார். நான் மேலும் துடைத்தேன்.

“பாய், உங்களுக்குத் தெரியாம எப்பிடி?” என்றார் மேனேஜர்.

“ரூம் என் பொறுப்பு சார்” என்றார் பாய்.

அன்றைக்கே அவரை நிறுத்தினார்கள். அவர் வேலை எனக்கு வந்தது. போகும்போது, “ரெண்டாவது மிஷினு ஜல்தி சூடாவுதுப்பா, பாத்துக்க” என்றார். அது அக்கறையா, என்னை ஆழம் பார்த்ததா? அதன்பிறகு யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், விஷயம் தெரிந்துதான் சிரிக்கிறார்களோ என்று இருந்தது. பாய் குவைத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தியேட்டரை இடித்து டைல்ஸ் கடை கட்டிவிட்டார்கள். படப்பெட்டி என்ற ஒன்றே இப்போது கிடையாது.

போன வருஷம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பாயின் மகன் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தா மவுத்தாயிட்டாருங்க. கடைசி வரிக்கும் உங்களப் பத்திப் பேசிக்கினு இருந்தாரு. எந்த ரீலா இருந்தாலும், ஒட்டு போட்டது நீங்கன்னா பாத்தவுடனே கண்டுபுடிச்சிடுவாராமே?”

பெருமையாகத்தான் சொன்னான். என்னை முழுதாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதரும் இப்போது இல்லை.