நான் இல்லாத வீட்டுக்குப் போன சம்மன்

எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்ற செய்தி, நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது போனில் வந்தது. அப்பாவின் சம்பா நெல் குவியலாகக் கிடந்தது. தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலில் முதலில் ஒன்றும் காதில் விழவில்லை. பேசியவர், தஞ்சாவூரில் என் கணவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா.

"அவருக்குப் பொண்ணு பாக்குறாங்க. கோர்ட்ல டைவர்ஸ் ஆயிடுச்சாமே, நீ ஒரு வார்த்தை சொல்லலியே?"

எனக்கே யாரும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் என் கணவர் என்னை அடித்து, துணிப்பையை வாசலில் வீசிக் கதவைத் தாழிட்டார். அன்று முதல் கீழ்வேளூர் பக்கத்தில் அப்பா வீட்டில்தான் இருந்தேன்.

மறுநாளே அப்பாவும் நானும் தஞ்சாவூரில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்துவிட்டு விளக்கினார்.

"வழக்குப் போட்டவர் மனுதாரர், அது உங்க வீட்டுக்காரர். நீங்க எதிர்மனுதாரர்."

"நான் என்னங்க எதிர்த்தேன்? எனக்கு வழக்கே தெரியாது."

"அதாங்க விஷயம். உங்களுக்கு சம்மன் வந்து சேரணும். சேர்ந்தும் நீங்க வரலன்னு எடுத்துக்கிட்டு, அவர் தரப்பை மட்டும் கேட்டு எக்ஸ்பார்ட்டியா தீர்ப்பு குடுத்துட்டாங்க."

சம்மன் என் கணவர் வீட்டுக்கே போயிருந்தது. மருமகள் கடைத்தெருவுக்குப் போயிருப்பதாகச் சொல்லி, மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். கணவரின் மனுவிலோ, நான் அவரைக் கைவிட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிரிந்து வாழ்கிறேனாம். கைவிட்டேனாம்! அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடக் கை பரபரத்தது. வழக்கறிஞர் மெல்ல அதை வாங்கிக்கொண்டார்.

விஷயம் தெரிந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பை ரத்துசெய்யச் சொல்லி மனுப் போட வேண்டும் என்றார். போட்டோம். விசாரணையன்று நீதிபதி என் கணவரிடமே கேட்டார்.

"மனைவி உங்க வீட்ல இல்லன்னு மனுவுல சொல்றீங்க. அப்புறம் எப்படி அதே வீட்டுக்கு சம்மன் அனுப்புனீங்க?"

"அவங்க அட்ரஸ் தெரியாதுங்க."

நான் எழுந்துவிட்டேன். "என்னைத் துரத்துனப்புறம் எங்கப்பா வீட்டுக்கு வந்துதானே ஐயா, அப்பா வாங்கிக் குடுத்த என் ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போனாரு! அப்ப மட்டும் வழி தெரிஞ்சுதா?"

வழக்கறிஞர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தத் தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

முதலில் எங்கள் இருவரையும் சமரச ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கே என் கணவர், "ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சுடலாமே" என்றார், பெருந்தன்மையாகத் தருவதுபோல. முடியாது என்றேன். அவரோடு வாழ எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அடித்துத் துரத்தியவரை, சம்மதம் என்ற ஒரு சொல்லில் அதை மூடிவிட்டுப் போக விடமாட்டேன். அவர் மனுவுக்குப் பதிலுரை போட்டு, கொடுமையைக் காரணம் காட்டி நானே எதிர்வழக்காக விவாகரத்துக் கேட்டேன்.

குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அப்பா பின் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "தெரியும். அதுக்கும் அடி வாங்குனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா கூண்டேறி, மழையில் நான் நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு சொன்னார்.

கணவரின் மனு தள்ளுபடியாகி, என் எதிர்வழக்கின்படி விவாகரத்துக் கிடைத்தது. கொடுமை என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது.

"எப்படி வாங்குனாலும் டைவர்ஸ்தானே, இதுக்கு இத்தனை அலைச்சலா?" என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அவர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படியில் மாமியார் என்னை வழிமறித்தார்.

"இப்ப சந்தோஷமா உனக்கு?"

"இல்லீங்க அத்தை. கோவமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.