கோடிச் சேலையோடு போன இரண்டு பேர்

மகளிர் காவல் நிலையங்கள் புதிதாக வந்திருந்த தொண்ணூறுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கான்ஸ்டபிளாக இருந்தேன். வருவதெல்லாம் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. நிஜமான கேஸ் எப்போது வரும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. காலையில் போனில், பெயர் சொல்லாத ஒரு பெண் குரல். தேவதானம் தாண்டி ஓர் ஊரைச் சொன்னாள்.

"ஒரு பிள்ள கெணத்துல விழுந்து செத்துப்போச்சுன்னு சொல்லுதாக. நம்பாதீக. மத்தியானம் எரிச்சிருவாக."

ஜீப்புக்கு ஓடிய என்னை இன்ஸ்பெக்டர் அம்மா நிறுத்தினார். "ஜீப்பக் கண்டா அந்த நிமிசமே பொணத்தத் தூக்கிருவாக. அது பின்னால வந்து ஊருக்கு வெளிய நிக்கட்டும். நீ போயி சேலையக் கட்டிட்டு வாட்டி, பி.ஏ.க்காரி."

ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது ஒரு புதுச் சேலை வாங்கினோம். கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுச் சொந்தங்கள் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்துவார்கள். கோடியோடு அழுதுகொண்டு வருகிறவளை நீ யார் என்று எவரும் கேட்பதில்லை என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"அழத் தெரியுமாட்டி?"

"பயமாருக்கும்மா."

"அது போதும்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீடு என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று. குளிப்பாட்டும் இடத்தில் நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்துவிட்டோம். இறந்து கிடந்தவள் என்னைவிடச் சின்னப் பெண். இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு குடத்தை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். முடி விலகியது. கழுத்தைச் சுற்றிக் கருநீலமாக ஒரு கயிற்றுத் தடம்.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அசையவே இல்லை. குடத்துத் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "அம்மா" என்று இடித்தேன். காதில் விழவில்லை.

"மஞ்சள நல்லா அப்புங்க. கழுத்துல அப்புங்க" என்று வெளியிலிருந்து மாமியாரின் குரல்.

மஞ்சளோடு ஒரு கை நீண்டு அந்தத் தடத்தை மூடியது. எந்தப் பாவி இது என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே வயதாகி என் முன்னால் குனிந்திருந்தது. பெற்ற தாய்.

"பாத்தது பாத்ததோட போகட்டும் தாயி" என்றாள் மெல்ல. "இவளுக்கு எளையவ ஒருத்தி இருக்கா. போலீசு, கேசுன்னு போனா அவள எவன் கட்டுவான்?"

இன்ஸ்பெக்டர் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எங்க அக்கா கழுத்துலயும் இப்பிடித்தான் இருந்துச்சு. எங்க அம்மாவும் இதத்தான் சொன்னா. பொறவு எளையவளக் கேட்டு அதே வீட்ல இருந்துதான் வந்தாக. எளையவ நான்தான்."

தாயின் கை நின்றது. வாய் கோணியது.

"காலையிலயே கேட்டுட்டாகளே..." என்றாள். "மாப்பிள்ள தனியா நிக்காரு, சின்னவளக் குடுன்னு கேட்டாகளே. நானும் சரின்னு தலையாட்டிட்டேனே."

அடுத்த நொடி மறைப்புச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிடித்திருந்த பெண்கள் தடுமாறினார்கள். வெயிலில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், மகளின் கழுத்து மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"பாருங்கலே! கெணறு கயித்தக் கட்டியா கொன்னுச்சு? பாருங்க!"

நான் ஓடிப்போய் ஜீப்பைக் கூப்பிட்டேன். ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் தாய் மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை இன்ஸ்பெக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க உங்க அக்காளக் கொன்ன அந்த வீட்டுக்கே வாக்கப்பட்டுப் போனீகளா?"

"போனேன்" என்றார் அவர்.