எழுத்து உள்பக்கமாக

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனால் போன வாரம் எங்கள் தெருவில் இரண்டு பேர், வெளியில் நிற்கும் காருக்குக் கவர் போடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், நான் ஒன்பதாவது முடித்திருந்த கோடை விடுமுறை. கடலூர் முதுநகரில் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். ஒரு டாக்டரிடமிருந்து பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். வீட்டில் அதை நிறுத்த இடம் கிடையாது. தெருவில், வாதாமரத்தடியில் நிற்கும். மரத்தில் பூனை ஏறினால்கூட, காரின்மேல் குதித்துவிடும் என்று அப்பா விரட்டுவார்.

அந்த வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது. அதற்கு முன் பேசிய இடத்தில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் தெருமுனையில் ஒரு சவ ஊர்வலம் எதிரே வந்தது. வேனை அங்கேயே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை பட்டுப்புடவையோடு சமையற்கட்டில் போய் எல்லோருக்கும் தோசை வார்த்தாள். இப்போது அமைந்தது சிதம்பரத்து மாப்பிள்ளை. அவருடைய அம்மாவும் சகுனம் பார்ப்பதில் குறைந்தவர் இல்லை. நிச்சயத்தன்று பல்லி கத்தியது என்று அரை மணி நேரம் தட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதனால் தாலி ஏறும்வரை ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. கார் அனுப்புவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அப்பா, எங்கள் பெண் எங்கள் காரில்தான் வரும் என்று சொல்லிவிட்டார். அதற்காகவே காருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார். பெயிண்டர் காரைக் கொண்டுவந்து விட்டபோது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பெயிண்டு நல்லா காயணும், பதினஞ்சி நாளைக்கி எதையும் போத்தாதீங்க. நல்லா காத்தாட நிக்கட்டும்."

அவர் தெருமுனை தாண்டியதும் மாமா ஆரம்பித்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் வேலை.

"அவன் கெடக்கறான். உப்புக் காத்து, காக்கா எச்சம், ஒரே வாரத்துல காரு தேமல் வந்த மாரி ஆயிடும். கவரு போடாத காரு, சட்ட போடாத மாப்ள. நான் கொண்டாறன் மச்சான்."

மறுநாள் கொண்டுவந்தார். பெரிய பிளக்ஸ் பேனர். விரித்ததும் அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள். ஒரு மீசைக்காரர் கைகூப்பியிருந்தார். அவருக்குக் கீழே கை அகல எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி" என்று இருந்தது.

"இன்னாண்ணா இது, கல்யாண ஊட்ல!"

"புத்தம் புதுசும்மா. பேர தப்பா அடிச்சிட்டானுங்க, அவுங்க வாங்கல. எழுத்து உள்பக்கமா போவட்டும், வெளிய வெள்ளதான். எவன் பாக்கப் போறான்?"

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சாவு எழுத்தைத் தெருவுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டோம் என்று அம்மாவும் சமாதானமானாள். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கட்டியது நான்தான். நடுவில் ஒருநாள் கோடை மழை பெய்தது. மற்ற நாளெல்லாம் அக்கினி வெயில். கல்யாணத்துக்குப் பளபளவென்று இறக்க வேண்டும் என்று பன்னிரண்டு நாள் அப்பா அதைத் தொடவே இல்லை.

பெண் அழைப்பன்று மத்தியானம் கயிற்றை அவிழ்த்தார்கள். கவர் வரவில்லை. மாமா பலமாக இழுத்தார். காயத்திலிருந்து பிளாஸ்திரி பிரிவதுபோல் சர்ரென்று சத்தம் வந்தது.

கூரையில் மீசைக்காரர் கைகூப்பியபடி இருந்தார். பானெட்டில் கண்ணீர் அஞ்சலி, கரும் நீலத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப் பதிந்திருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். உள்ளே போய் மண்ணெண்ணெய் எடுத்துவந்து தேய்த்தார். மீசைக்காரர் ஒருவழியாகப் போனார். எழுத்து மங்கியதே தவிர போகவில்லை. ஓங்கித் தேய்த்தால் புதுப் பெயிண்டே கையோடு வந்தது.

வேறு கார் பிடிக்க அலைந்தார்கள். முகூர்த்த நாளில் எங்கே கிடைக்கும்?

"திருப்பிப் போட்ட எழுத்துதான மச்சான், ஒருத்தனும் படிக்க முடியாது," என்றார் மாமா. பானெட் முழுக்க ரோஜாவையும் சம்பங்கியையும் டேப் போட்டு ஒட்டினார்கள். அத்தை வாசலுக்கு வந்தாள். பூவைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள்.

நான் முன் சீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவே இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதே என்ஜின் சூட்டில் டேப் விட்டுக்கொண்டது. புதுச்சத்திரத்தில் பூச்சரம் ஒன்று கண்ணாடியில் மோதிப் பறந்தது. சிதம்பரம் வந்து சேரும்போது ஓரத்தில் நாலு ரோஜாதான் மிச்சம். சாயங்காலம் ஆறரை மணி. மண்டபத்து வாசலில் மேளம், கூட்டம், சீரியல் லைட். வழிகாட்டியவர் கையசைக்க, அப்பா நேரே கொண்டுபோய் நிறுத்தினார். வாசல் கதவு முழுக்கக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடிக்குள் எங்கள் கார் எங்களைப் பார்த்து நின்றது. அதன் பானெட்டில் எழுத்து நேராக இருந்தது. க, ண், ணீ, ர். நான் வாய்விட்டே படித்துவிட்டேன். மாமா என் வாயைப் பொத்தினார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அத்தை முகத்தில் மஞ்சளையும் மீறி வெளுப்பு. அப்பா ரிவர்ஸ் போட்டார். பின்னால் மேளக்காரர்கள் நெருங்கி நின்றார்கள். நகர வழியில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அவர் முதுகு இன்னும் கண்ணாடிப் பக்கம் இருந்தது. தட்டைச் சுற்றிவிட்டு உள்ளே போகத் திரும்பினால் போதும், படித்துவிடுவார்.

அப்போது கதவருகே நண்பர்களோடு நின்ற மாப்பிள்ளை எங்களிடம் வந்தார். காரைப் பார்த்தார். தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மறு நொடி எம்பி, பானெட்டின் நட்டநடுவில் உட்கார்ந்து வேட்டியை இரண்டு பக்கமும் அகலமாக விரித்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, காரோட ஒரு போட்டோ எடுங்க," என்று போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"டேய், எறங்குடா! கல்யாண மாப்ள பண்ற வேலயாடா இது? பாக்கறவுங்க இன்னா நெனைப்பாங்க?" என்று அவருடைய அம்மா கத்தினார்.

"காலு வலிக்குதும்மா. நீ சுத்து, நீ சுத்து."

நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்த கார். அந்த பானெட்டில் விரலைக்கூட வைக்க முடியாது. அவர் நெற்றி வியர்த்து வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். ஆரத்தி சுற்றி முடித்து அத்தையை இறக்கினார்கள். அத்தை அவரைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. எங்களை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரமாக வந்தது. அப்பா பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடித்த கார். யாரைக் கேட்டு அதன்மேல் ஏறினார்? அப்பா இறங்கிப் போனார். சரியாகத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நல்லா சாஞ்சி ஒக்காருங்க மாப்ள," என்றார்.

கடைசி ஆள் உள்ளே போகும்வரை மாப்பிள்ளை இறங்கவில்லை. மாமா, பெண் அழைப்புக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்து பானெட்டில் போட்ட பிறகுதான் இறங்கினார். காரின்மேல் ஏறியவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் யாரோடும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம் நடந்தது. மாப்பிள்ளை மணையில் சற்று ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தார்.