காடை என்று சொல்லாத காதர் பாய்

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. "அண்ணே, நம்ம மெஸ் காதர் பாய் மவுத்தாயிட்டாரு." சாவுச் செய்தி. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். திண்டுக்கல்லில் அவர் கையால் சாப்பிட்டவர்கள் உங்களில் ஏராளம் பேர். அவர் மேல் வழக்குப் போட்டவன் நான் ஒருவன்தான். அப்போது வனத்துறையில் வனவராக இருந்தேன்.

மெஸ்ஸில் கௌதாரி வறுவல் ஓடுகிறது என்று தகவல் வந்து போயிருந்தோம். காடை பண்ணைப் பறவை, தாராளமாக விற்கலாம். கௌதாரி காட்டுப் பறவை. பிடித்தவனுக்கு மட்டுமல்ல, வாங்கிச் சமைத்தவனுக்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் துண்டு போட்டு மசாலாவில் புரட்டிய பிறகு எது எதுவென்று எனக்கு என்ன தெரியும்? சட்டியைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தேன். செம்பட்டிப் பக்கம் யாரிடமோ உரித்த கறியாக வாங்கி வந்தவன் பாயின் மச்சினன். "சத்தியமா காடைதான் சார்" என்றான். அவன் அப்படித்தான் நம்பியிருந்தான்.

ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தார் பாய். ஒரு துண்டை எடுத்து எலும்பைப் பிரித்துப் பார்த்தார்.

"இது காடை இல்ல சார். கௌதாரி."

"மச்சான், செத்த நேரம் சும்மா இருங்க!" என்று மச்சினன் கத்தினான்.

எனக்கே பகீரென்றது. அந்த வருடம் ஹஜ் குலுக்கலில் அவர் பெயர் வந்திருந்தது ஊருக்கே தெரியும். அடுப்படிக்குப் பின்னால் தனியே கூட்டிப்போனேன். "பாய், கேஸுன்னு ஆயிட்டா பாஸ்போர்ட் கைக்கு வராது. காடைன்னே சொல்லிருங்க. நானும் அப்படியே எழுதிட்டுப் போயிடறேன்."

அவர் கோபப்படவில்லை. "பொய் சொல்லிட்டு அங்க போயி எந்த மூஞ்சியோட சார் நிக்கிறது? எழுதுங்க. கடை என்னோடது, எம் பேரையே போடுங்க."

அம்மாடி! எத்தனையோ பேரை விரட்டிப் பிடித்திருக்கிறேன். தானே வந்து அகப்பட்டுக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவர் பெயரையே எழுதினேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. அதற்குள் அவருக்கு இருதயம் கெட்டுவிட்டது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹஜ் போகாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மய்யித்து வீட்டுக்குப் போகவே எனக்குக் கூசியது. வாசலிலேயே மச்சினன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "உங்களப் பத்திப் பேச்சு வந்தா மச்சான் ஒண்ணுதான் சார் சொல்லுவாரு. அந்த மனுசன் தங்கம்டா, உள்ளத உள்ளபடி எழுதுனாரும்பாரு."

அடுப்படிக்குப் பின்னால் நான் சொன்னதை அவர் வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. நான் சம்பாதிக்காத ஒரு நல்ல பெயரை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.