வெள்ளைப் பூ அடையாறு, சிவப்புப் பூ மயிலாப்பூர்

ஸ்வர்ணலதாவை யார் வைத்துக்கொள்வது என்று அவளுடைய மகனும் மகளும் சண்டை போட்டார்கள். நீ வைத்துக்கொள் என்று தள்ளிவிடுகிற சண்டை இல்லை. எனக்குத்தான் வேண்டும் என்கிற சண்டை. கேட்பவர்களுக்கு அவள் கொடுத்து வைத்தவள் என்றுதான் தோன்றும்.

தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவளைப் போன மாதம்தான் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். கணவர் சினிமாவில் லைட்மேனாக இருந்தவர், போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆயிற்று. வடபழனியில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இனி ஏன் படியேறிச் சாக வேண்டும்? "அடையாறு வந்துடும்மா, லிஃப்ட் இருக்கு, நல்லா காத்து வரும்" என்றான் மகன் ராம்குமார். பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை இறக்க ஆள் இல்லை என்பதை அவன் மனைவி பிறகு சொன்னாள். "மயிலாப்பூர்ல என்னோட இரும்மா, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றாள் மகள் மதுமதி. காலையில் அவள் ஆபீஸ் கிளம்பிய பிறகு அடுப்பு யார் பொறுப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. இருவர் பாசமும் பொய்யில்லை, வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

அவள் மனசில் இருந்ததோ வேறு. கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளத்தில், ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு காலியாக இருந்தது. நாலு எட்டு வைத்தால் ரங்கநாதன் தெருக் கூட்டம். பூக்காரியிலிருந்து ஹேர்பின் விற்பவன் வரை "ஸ்வர்ணாக்கா" என்று கூப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீடு, பிறகு புருஷன் வீடு, பிறகு பிள்ளைகளுக்காக ஒரு வீடு. கண்ணை மூடுவதற்குள் தனக்கென்று ஒரு வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தாங்காத ஆசை. அதைச் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தனியாவா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றான் மகன்.

கடைசியில் முருகனிடம் விட்டுவிடுவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். வடபழனி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ வந்தால் அடையாறு, சிவப்பு வந்தால் மயிலாப்பூர். மூன்றாவதாக ஒரு பொட்டலம் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மதுமதியின் மகள் ஜானு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

"உன் பொண்ணுதானே எடுத்தா! இது செல்லாது" என்றான் ராம்குமார்.

"சாமி உத்தரவையே செல்லாதுங்கிறியா?" என்று எகிறினாள் மதுமதி.

தரிசனத்துக்கு நின்றவர்கள் சாமியை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தார்கள். ஸ்வர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாடா, என்னிய ஏலம் வுட்டுக்கினு கீறீங்களா? யாராண்ட வந்து கேக்குறீங்கன்னு யோசிச்சீங்களா? பழம் கெடைக்கலன்னு அப்பா அம்மாவையே வுட்டுட்டு தனியா மலை ஏறுனவரு அவரு. அவராண்ட போயி இவ யாரு கூட இருக்கணும்னு கேட்டா இன்னா சொல்லுவாரு?"

வரிசையில் ஒரு அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டாள். குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

"அதுக்கில்லம்மா..." என்று இழுத்தான் ராம்குமார்.

"அதுக்குத்தான், நைனா. வெள்ளிக்கிழமை தி.நகர்ல பால் காய்ச்சுறேன். ரெண்டு பேரும் வந்து சேருங்க."

வந்தார்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. பாலைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது வீட்டு வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராம்குமார்தான், கையில் இனிப்புப் பெட்டி. உடனே திறந்திருக்கலாம். அவள் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"நான்தான்னா?"

வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது.

"ராம்குமார். உள்ள வரலாமாம்மா?"

ஸ்வர்ணலதா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"வா நைனா. இது என் வூடு."