பொன்செல்வியின் மூன்றாவது பரீட்சை

பொன்செல்விக்கு முப்பத்தாறு வயது. ஊர் இலத்தூர். தென்காசியில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தாள். பதினொரு வருடப் பழக்கம். அவள் கை பட்டால் முழங்கால் மடங்கும் என்று கடையத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். அப்படிப்பட்டவள் கனடா நாட்டு லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் தவறினால் பிறகு எழுதவே விடமாட்டார்கள்.

அவள் கணவன் இசக்கிதுரையும் மகள் நிவேதாவும் கனடாவில் இருந்தார்கள். மூவரும் சேர்ந்துதான் போனார்கள். போன எட்டாம் மாதம் பொன்செல்வியின் அப்பா படுக்கையில் விழுந்தார். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பி வந்தாள். அப்பா கண்ணை மூட ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அவளுடைய விசா முடிந்துபோனது. திரும்ப விண்ணப்பித்தாள், மறுத்தார்கள். இன்னொரு முறையும் மறுத்தார்கள். தொழில் லைசன்ஸ் இருந்தால் அவள் தகுதியை வைத்தே கேட்டுப் பார்க்கலாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அந்த ஒரு வழிதான் மிச்சம். விட்டு வந்தபோது நிவேதாவுக்கு ஆறு வயது. இப்போது ஒன்பது.

ஒருநாள் வீடியோவில் பார்த்தால் பிள்ளையின் முடி காதுவரை வெட்டியிருந்தது.

"யாரும்மா முடிய வெட்டுனா?"

"நான்தான் சொன்னேன். அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியல."

அன்றைக்கே பொன்செல்வி மூன்றாவது தடவைக்குப் பதிவு செய்தாள்.

கல்லூரியில் அவளோடு படித்த ஜெனோ, தொழிலை விட்டுவிட்டு குற்றாலத்தில் குடும்பத்து லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கேள்விகளில் பொன்செல்வி தப்பாகப் போட்ட பதில்களை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தவள் அவள்தான்.

"ஏட்டி, எல்லாத்துலயும் டாக்டர் எழுதிக் குடுத்தத அப்படியே செய்யுதவளா பதில் போட்டிருக்கே. பரீட்சைக்காரன் கேக்குதது அது இல்ல. முன்னால இருக்குத ஆள நீயே விசாரிச்சா என்ன முடிவெடுப்பேன்னு கேக்குதான்."

பொன்செல்விக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பதினொரு வருடமாக டாக்டர் சீட்டில் இருப்பதைச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். கரண்ட் வை என்றால் வைப்பாள். மெழுகு ஒத்தடம் என்றால் கொடுப்பாள். அன்றிலிருந்து மருத்துவமனையிலும் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தாள். எப்போதிருந்து வலி, எங்கே மரத்துப்போகிறது, எது செய்தால் கூடுகிறது. படிப்பு அப்படித்தான் மனதில் நின்றது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடையத்திலிருந்து உலகம்மை என்று ஒரு பெண் வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். இடுப்பு வலி. கட்டிலில் படுக்கவைத்து இடுப்பைப் பெல்ட் போட்டு இழுக்கும்படி சீட்டில் எழுதியிருந்தது. பெல்ட்டைக் கட்டும்முன் பொன்செல்வி கேட்டாள்.

"யக்கா, உக்காருத எடம் மரத்த மாதிரி இருக்கா?"

"ஆமா தாயி. ரெண்டு காலும்தான். நேத்துலருந்து ஒண்ணுக்கு வருததே தெரிய மாட்டேங்குது. இத எப்படி ஆம்பளை டாக்டர்ட்ட சொல்ல?"

பொன்செல்வி பெல்ட்டைக் கீழே வைத்தாள். தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குகிறபோது வரும் அடையாளம் அது. சில மணி நேரம் தாமதித்தால்கூட மரத்தது வாழ்நாளுக்கும் அப்படியே நின்றுவிடும். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"இங்க டாக்டர் நீயா, நானா? எழுதினதச் செய்."

அவள் செய்யவில்லை. உலகம்மையோடு வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டு விவரம் சொல்லி, அந்த நிமிடமே ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பினாள். சாயங்காலம் ஆபரேஷன் ஆனது. கால் தப்பியது என்று தம்பி போனில் அழுதான். மறுநாள் காலையில் மருத்துவமனை வரவேற்பிலேயே பொன்செல்வியை நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார்கள்.

வேலை போனதைவிட அவளை உலுக்கியது இன்னொன்று. லேப்டாப்பில் நெட் வழியாக எழுதும் அந்தப் பரீட்சையை மருத்துவமனையில் ஒரு அறையில்தான் எழுதுவதாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆளிருக்காது, நெட் நன்றாக இருக்கும், கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் உண்டு. இலத்தூர் வீட்டில் மழை தூறினாலே நெட் நின்றுவிடும். அதுவோ ஜூலை மாதம்.

ஜெனோ தன் லாட்ஜின் மூன்றாம் மாடியில் ஒரு அறையை ஒதுக்கினாள். சீசன் நேரம். அருவியில் தண்ணீர் கொட்டியது, லாட்ஜில் வேறு அறை ஒன்றும் காலியில்லை. "பயப்படாதட்டி. நான் உன் வாசல்லயே சேர் போட்டு உக்காந்துக்கிடுதேன்."

மத்தியானம் இரண்டு மணிக்குப் பரீட்சை. எங்கோ ஒரு நாட்டிலிருந்து கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்தார். லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னார். காதைக் காட்டினாள், சுடிதார்க் கையை மடக்கிக் காட்டினாள், சுவர்க் கண்ணாடியைத் துண்டால் மூடினாள். பத்தாவது கேள்வியில் திரையில் எச்சரிக்கை வந்தது: உதட்டை அசைக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே அவள் முணுமுணுத்துத்தான் படிப்பாள். அதன்பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

இந்த முறை கேள்விகள் பிடிபட்டன. ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து அவளிடம் பேசுவதுபோல் இருந்தது. பாதியைத் தாண்டிவிட்டாள்.

அப்போது கதவு தடதடவென்று இடிபட்டது.

"ஏலே, கதவத் தெறலே! உள்ள என்ன பண்ணுத? துணி மாத்தணும்!"

குளித்துவிட்டு வந்த ஒரு கூட்டம், மாடி மாறி வந்து நிற்கிறது. அவள் வாயைத் திறக்க முடியாது. எழுந்திருக்கவும் முடியாது. இரண்டு கையையும் மேசைமேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கேமராவையே பார்த்தாள். தாழ்ப்பாள் பழையது. நாலாவது இடியில் கழன்று விழுந்து கதவு திறந்துகொண்டது. ஈரத்துண்டோடு ஒரு ஆள் உள்ளே வந்து நின்றான்.

"அய்யோ, சாரிம்மா," என்றான்.

திரை மாறியது. பரீட்சை நிறுத்தப்பட்டதாகவும், முடிவு பின்னர் தெரிவிக்கப்படும் என்றும் இரண்டு வரி.

ஜெனோ படியேறி ஓடிவந்தாள். கீழே கணக்குப்பிள்ளை கூப்பிட்டாரென்று ஐந்து நிமிடம்தான் போயிருக்கிறாள். "செல்வி, ஏட்டி, செல்வி..." பொன்செல்வி அவள் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை மடித்துப் பையில் வைத்து, சாரலில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

நடந்ததை எழுதி மேல்முறையீடு அனுப்பினாள். பதில் வர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்த நாட்களில் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தாள். நடக்கப் பழகுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டே எங்கோ பார்த்து நின்றுவிடுவாள். ஜெனோ போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

இசக்கிதுரை சொன்னான்: "போதும்ட்டி. நாங்க கெளம்பி வந்துருதோம்."

"வந்தா திரும்பப் போக முடியாது. அவ படிப்பு என்ன ஆகுது?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மொதல்ல அம்மா வேணும், அம்மா வேணும்னு அழுவா. இப்ப கேக்க மாட்டேங்குதா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

போனை வைத்தபிறகு பொன்செல்வி தலையணையைக் கவ்விக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று நினைக்கிற அளவுக்கு மட்டும் நினைவு இருந்தது.

பதில் வந்தது. நடந்ததில் அவள் தவறு இல்லை. இந்தத் தடவை கணக்கில் சேராது. அக்டோபரில் மறுபடி எழுதலாம். படித்ததும் சந்தோஷம் வரவில்லை, உடம்பில் தெம்பே இல்லை. இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல், அதே புத்தகம், அதே கேள்விகள். ஆனாலும் அன்று சாயங்காலம் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். ஜெனோ அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அந்த ரூமுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டாச்சுட்டி," என்றாள். இருவரும் அழுதார்கள்.

அக்டோபரில் சீசன் ஓய்ந்து லாட்ஜ் வெறிச்சோடிக் கிடந்தது. ஜெனோ அன்று தண்ணீர் குடிக்கக்கூட வாசலைவிட்டு எழவில்லை. பொன்செல்வி கடைசிக் கேள்விவரை எழுதினாள். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சி.

ஆனால் அது முதல் பாகம்தான். அடுத்த பாகத்தில் கேமரா வழியே ஒருவர் நோயாளியாகப் பேசுவார்; இவள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். தேதி அடுத்த மே மாதம்.

சாயங்காலம் நிவேதாவிடம் சொன்னாள்.

"பாஸா? அப்ப எப்ப வருவீங்க?"

"இன்னொரு பரீட்சை இருக்கு தங்கம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் விசா கேக்கணும்."

நிவேதா யோசித்தாள். "ஓகேம்மா. எனக்கு ஸ்விம்மிங் கிளாஸ் இருக்கு." போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அப்பாவும் மகளும் நீச்சல் உடுப்பைத் தேடுகிற சத்தமும், கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகும் பொன்செல்வி வெகுநேரம் அந்தக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.