காலண்டர் லோடு ஓட்டிய வேன்

எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவன் குனிந்து பார்க்க மாட்டான். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுப்பான், டயரை ஒரு உதை உதைப்பான், கதவைத் திறந்து ஓங்கிச் சாத்துவான். அவ்வளவுதான். விருதுநகர்ச் சீமையில் மழை வந்தால் அதுவே விசேஷம். இரும்பு துருப்பிடிக்கிற ஊர் இல்லை. அதனால் அடியில் படுத்துப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. நானும் பார்க்கவில்லை.

பார்க்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. விற்றவன் என் சேக்காளி. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவன். போர்வெல் வண்டியோடு ஆந்திரா, பனியன் கம்பெனி, கேரளாவில் ரோடு வேலை என்று எங்கேயும் நிலைக்காமல் கடைசியில் லாரிக்கு வந்தேன். அதில் அவனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். அவன் ஓட்டும்போது நான் பின் சீட்டில் கால் நீட்டித் தூங்குவேன். நான் ஓட்டும்போது அவன் தூங்குவான். மலை இறக்கத்தில் ஒருத்தன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்கிய பிறகு, அவன் விற்கிற வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தோன்றுமா?

"காலண்டர் லோடு மட்டுந்தான் மாப்ளே ஏத்துனது. பேப்பர். பூ மாதிரி வச்சிருக்கேன்" என்றான். அடியெல்லாம் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. அதையும் அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஊரில் உட்காரலாம் என்று முதல்முறையாக ஆசைப்பட்டு வாங்கிய வேன் அது. பின்னால் பெஞ்சு அடித்து, ஆனைக்குட்டம் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிப் பட்டாசு கம்பெனியில் இறக்கி, சாயங்காலம் கூட்டிவர ஏற்பாடு. பதினோரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் காலையில், எப்போதும் வாய் ஓயாத ஒரு அக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏந்தம்பி, வண்டிக்கு ஏசி போட்டீகளா? காலுக்கடில சிலுசிலுன்னு வருது."

"ஏசி இல்ல மதினி, ரோடே தெரியுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "இன்னுங் கொஞ்ச நாள்ல நாம நடந்துக்கிட்டே போகலாம், வண்டி கூட வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களை இறக்கிவிட்டு, பின்னால் தரைத் தகரத்தின் ஓரம் விரல் நுழைகிற அளவு பிரிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அடியில் படுத்தேன். வண்டியின் முதுகெலும்பு மாதிரி முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டம், அதுதான் சேஸ். ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். கறுப்பு பெயிண்ட் பொரிந்து விழுந்தது. அதன் கீழே ஓட்டை தெரியாமல் பட்டிப் பசை வைத்து வழித்திருந்தது. பட்டிக்குக் கீழே இரும்பு இல்லை, துருதான். ஸ்க்ரூடிரைவர் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அன்று சாயங்காலம் பெண்களை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டேன்.

காலி வேனை மெதுவாக உருட்டித் திருத்தங்கலில் ஒரு வெல்டரிடம் கொண்டுபோனேன். கழுத்தில் சிலுவை டாலர் போட்ட, நிதானமான ஆள். அவர் வீட்டம்மா நர்ஸ், தீக்காய வார்டில் வேலை. கரி மூட்டை ஏற்றிய வண்டியைக்கூட நூறு கேள்வி கேட்காமல் தொட மாட்டார் என்று சொல்வார்கள்.

அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே கேட்டார்.

"என்ன லோடு ஏத்துன வண்டி தம்பி?"

"காலண்டர்ண்ணே."

"மழையில்லாத ஊர்ல, காலண்டர் ஏத்துன வண்டிக்கு இம்புட்டுத் துரு எங்கன இருந்து வந்துச்சு? மீன் வண்டின்னா நாறணும். நாத்தம் இல்ல. உப்பு மட்டும் தின்னுருக்கு. வித்தவுககிட்ட ஒரு வார்த்த கேளுங்க. கெமிக்கல் ஏத்துன வண்டியா இருந்தா நான் நெருப்பு வைக்க மாட்டேன்."

அங்கேயே நின்று அவனுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், வெல்டரும் கேட்கட்டும் என்று.

"ஏலே, துருவ விடு. அதப் பத்திப் பேசல. என்ன லோடு ஏத்துனே, அத மட்டும் நெசமாச் சொல்லு. வெல்டிங் வைக்கப் போறாக."

"காலண்டர்தாம்லே. எத்தன வாட்டி கேப்பே? சத்தியமா. தாராளமா வைக்கச் சொல்லு."

வெல்டர் மறுபடி அடியில் படுத்தார். சட்டத்தின் உள்மடிப்பில் அப்பியிருந்த சாம்பல் நிறத் தூசியை மரக்குச்சியால் ஒரு ஓட்டாஞ்சில்லில் வழித்தார். பட்டறையைத் தாண்டி ரொம்ப தூரம், கருவேல மரமும் இல்லாத பொட்டலுக்குக் கொண்டுபோய் வைத்தார். என்னை விலகி நிற்கச் சொன்னார். நீளக் கம்பின் நுனியில் பேப்பரைச் சுற்றிக் கொளுத்தி நீட்டினார்.

புஸ்ஸென்று வெள்ளையாக எழும்பியது. ஒரு சிட்டிகைத் தூசிதான். ஓடு இரண்டாகத் தெறித்தது.

இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் மூட்டை மூட்டையாக ஏற்றி, வருஷக்கணக்கில் தரை இடுக்கு வழியாகச் சிந்தி, உப்பு இரும்பைத் தின்றிருக்கிறது. அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட்.

வெல்டர் கையுறையைக் கழற்றினார். "உங்க சேக்காளி ஏத்துன காலண்டர்ல எல்லாத் தேதியும் செவப்புதான் போல" என்றார். வெல்டிங் வைத்திருந்தால் அவர்தான் அதற்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார், முகத்துக்கு ஒரு சாண் மேலே தீப்பொறி.

மறுபடி போன் போட்டேன். "ஏலே" என்று மட்டும்தான் சொன்னேன்.

அவன் கேட்டான்: "பத்திக்கிச்சா?"

நான் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. துருவை மறைத்ததை மன்னித்திருப்பேன். வண்டி விற்கிறவன் நாலு பொய் சொல்வான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவன் தீப்பிடிக்கும் என்று தெரிந்தே, சத்தியமா, வைக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டு, என்ன ஆச்சோ என்று போனைக் கையில் வைத்துக் காத்திருந்திருக்கிறான்.

"சொன்னா நீ வாங்கிருப்பியா மாப்ளே? எனக்கும் தள்ளிவிடணும்ல. நீயும் கறுப்ப அடிச்சுத் தள்ளிவிடு. ஆளா கெடைக்காது?"

ஆள் கிடைத்தது. நாலாம் நாளே அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். இன்ஜினுக்குக் காது கொடுத்தார், டயரை உதைத்தார், கதவைச் சாத்தினார். குனியவில்லை. "என்ன லோடு ஓட்டுனீக?" என்று பேச்சுக்குக் கேட்டார். வாய் வரைக்கும் வந்தது காலண்டர். சொல்லியிருந்தால் நான் போட்ட பணமெல்லாம் திரும்பியிருக்கும். நான் அவர் கையைப் பிடித்து அடியில் காட்டினேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு பைக்கைத் திருப்பினார்.

மூன்று நாள் பைப்பு வைத்துக் கழுவினேன். "துருவுக்கு வெல்டிங் வைக்க முடியாது தம்பி, இரும்புக்குத்தான் வைக்கலாம்" என்று வெல்டர் கையை விரித்துவிட்டார். சூலக்கரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கட்டி இழுத்துப் போனேன். கேஸ் கட்டர் வைக்கக்கூடாது, ரம்பம்தான் என்று கடைக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலையும் என்னால் நம்ப முடியவில்லை. பெயிண்ட் வாங்கி, சேஸின் இரண்டு பக்கமும், இரண்டு கதவிலும் எழுதினேன்: கெமிக்கல் வண்டி. தீ வைக்காதே. எழுத்து கோணல்தான்.

இப்போது வேறொரு லாரியில் மாற்று டிரைவராக ஓடுகிறேன். கூட ஓட்டுகிறவர் நல்ல மனுஷன், கை சுத்தம். என் முறை முடிந்து பின் சீட்டில் படுப்பேன். கண் மூடியிருக்கும். பிரேக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

"தூங்கிட்டியாலே?" என்பார்.

"ஆமாண்ணே" என்பேன்.